பிரிக்கோ என்றால் புள்ளி

மஸ்ஸாலியாத் துறைமுகத்தில்
ஈயத் தகட்டின்மேல் ஆணியை நிறுத்திக் கேட்டான்
சுங்க எழுத்தன்:
"விற்பவள் பெயர்?"
லித்தமாரா.
"சரக்கு?"
உப்பிட்ட பன்றித் தொடை நாற்பது,
தகரம் மூன்று கட்டி.
"இனம்?"

இனமா?
ஆற்றின் இந்தக் கரையில் எங்களுக்கு ஒரு பெயர்,
அந்தக் கரையில் இன்னொன்று.
மலைக்குமேல் இருப்பவர்கள் எங்களைச் சொல்லும் பெயரை
என் வாயால் சொல்ல மாட்டேன்.
நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே
அவன் எழுதி முடித்துவிட்டான்.

கெல்ட்டோய்.

"அப்படியென்றால்?"
"நீங்கள்தான்" என்றான்.
"நீங்களே சொன்ன பெயர் என்று
என் அப்பா சொல்லியிருக்கிறார்."

இருக்கலாம்.
எங்கள் சொல்லையே வாங்கி
மென்று மென்று திருப்பித் தந்ததில்
எங்களுக்கே அடையாளம் தெரியாமல் போயிருக்கலாம்.
இல்லை, கழுதைக்கு வைப்பதுபோல்
அவர்களே வைத்ததாகவும் இருக்கலாம்.
நாங்களும் அவர்களுக்கு ஒரு பெயர் வைத்திருந்தோம்:
எண்ணெய் பூசினவர்கள்.
அது அவர்களுக்குத் தெரியாது.
எங்களிடம் தகடு இல்லை.

பெயர் என்றால்
என் தம்பி பெயர் மாதிரி இருக்க வேண்டும்.
பிரிக்கோ.
பிரிக்கோ என்றால் புள்ளி.
மூன்றாம் கோடையில் அவன் மூக்கிலும் கன்னத்திலும்
யாரோ ஒரு கை தவிட்டை வீசியதுபோல் வந்தன.
கூப்பிட்டால் போதும், முகம் முன்னால் வந்து நிற்கும்.
அவனுக்குப் பதினான்கு வயதானபோது
ஒரு ஜாடி மதுவுக்கு மாற்றினார்கள்.
அந்நியர் அல்ல, எங்கள் தலைவன்தான்.
அன்றைக்கு அவனுக்குத் தாகம்.

எழுத்தன் தகட்டைச் சுருட்டி என் கையில் தந்தான்.
கிடங்கு வாசலிலிருந்து ஒரு குரல்:
"கெல்ட்டோ! தண்ணீர்!"
தோல்பையோடு ஒருவன் ஓடிவந்தான்.
தாடி முளைத்திருந்தது.
தவிடு அப்படியே இருந்தது.

பிரிக்கோ, என்றேன்.
அவன் திரும்பவில்லை.
பிரிக்கோ.
தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.
மூன்றாம் முறை
அவர்கள் கூப்பிட்டதுபோலவே நானும் கூப்பிட்டேன்.

திரும்பினான்.

செத்தவர்களுக்கு வேறு வேலை கிடையாது,
காது மட்டும் மிச்சம்.
அதனால் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ரோமர்கள் எங்களைக் கல்லி என்றார்கள்.
அவர்கள் பேச்சில் சேவல்களும் கல்லிதான்;
விழுந்து விழுந்து சிரித்தார்கள்.
கூவியது உண்மை,
விடியத்தான் இல்லை.
கிழக்கே போய்க் குடியேறியவர்கள் கலாத்தியர் ஆனார்கள்.
பால்போல் வெளுத்தவர்கள், அதனால்தான் என்று
கிரேக்கன் ஒருவன் உரை எழுதினான்.
வெயிலில் எங்கள் முதுகை அவன் பார்த்ததில்லை.

வடகாட்டு மக்கள்
எங்களில் ஏதோ ஒரு கூட்டத்தின் பெயரைப் பிடித்து
வால்ஹ் என்றார்கள்.
அண்டை வீட்டான் பெயர்தான் அது,
அயலான் என்று பொருள் ஏறிவிட்டது.
மழைத்தீவின் மேற்கு மூலையில் இருப்பவர்கள்
இன்றும் உலகுக்கு அந்த அயலான்தான்,
பிறந்த வீட்டிலேயே.
தங்களுக்குள் அவர்கள் சொல்லிக்கொள்வது கம்ரி:
ஒரே மண்ணுக்காரர்கள்.
இரண்டு பெயரும் ஒரே பலகையில் நிற்கின்றன,
எந்தப் பக்கமிருந்து வருகிறாய் என்பதைப் பொறுத்தது.

அந்த அயலான் ஒரு கொட்டையிலும் ஏறிக்கொண்டான்.
வால்நட்.
அயலான் கொட்டை.
வால் என்கிறீர்கள்,
இருப்பதோ சொல்லின் தலையில்.
உடைத்தால் உள்ளே மடிப்பு மடிப்பாக
எதையோ நினைத்துக்கொண்டிருக்கிறது.

இப்போது கண்ணாடி போட்டவர்கள்
கெல்ட்டைப் பிரித்து மேசைமேல் பரப்பியிருக்கிறார்கள்.
உயர்ந்தவர்கள், என்கிறார் ஒருவர்.
அடிக்கிறவர்கள், என்கிறார் அவரோடு பேசாத இன்னொருவர்.
ட்யூபிங்கனில் ஒரு மழைநாள்,
தேநீர் ஆறிப்போன ஓர் அம்மாள்
"மறைந்தவர்கள்" என்று எழுதினாள்.
வெகுநேரம் ஜன்னலைப் பார்த்தாள்.
பிறகு பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

மற்ற எதையும்விட
அந்தக் குறி எனக்குப் பிடித்தது.
வளைந்து இறங்கி,
கொஞ்சம் இடம் விட்டு,
அடியில்
ஒரு புள்ளி.