கதவை மூடும் முன்

இரவு பத்தரைக்கு மேல்தான் நாவல்.
அதுவரை சலவை இயந்திரங்களுக்காக எழுதுகிறேன்.
மாரிபோரில், மூன்றாம் மாடியில்,
திராவா ஆறு தெரியாத பக்கம்.
ஆறு தெரிந்தால் வாடகை கூட.

"வடிகட்டியை மாதம் ஒருமுறை கழற்றவும்.
தண்ணீர் சொட்டும். கீழே துணி விரிக்கவும்."
ஒரு வாக்கியத்துக்கு ஒரு வேலை.
அழகுக்கு இங்கே காசு கிடையாது.

இருபத்தேழு வயதில் ஒரு நாளிதழ்
என்னை நம்பிக்கையூட்டும் குரல் என்றது.
இப்போது நாற்பத்தாறு.
போன மாதமும் அதையே சொன்னது.

பதிப்பகத்துக் கணக்கு மார்ச்சில் வரும்.
விற்றவை இருநூற்றுப் பன்னிரண்டு,
திரும்பியவை முந்நூற்று ஐந்து.
எப்படி என்று கேட்டேன்.
போன வருஷம் வெளியே போனவை
இப்போதுதான் வீடு திரும்பியிருக்கின்றனவாம்.
எனக்கு வரவேண்டியது: கழித்தல் பதினான்கு யூரோ.
அடுத்த நூலில் பிடித்துக்கொள்வார்களாம்.
அடுத்த நூல்!
கடன் கொடுத்தவனைப் போல
நம்மை நம்புகிறவர் யார்?

நிறுவனத்திலிருந்து ஒரு உறை வந்தது,
மேலே வாடிக்கையாளர் கருத்து என்று முத்திரை.
ப்துய் ஊரிலிருந்து லோவ்ரென்ஸ் என்பவர்,
பென்சிலில், கோடு போட்ட தாளில்:
"பக்கம் ஏழு, எச்சரிக்கை நான்கு.
கதவை மூடும் முன் உள்ளே பார்க்கவும் என்றிருந்தது.
பார்த்தேன். இருந்தது.
பெயர் ஃபிஜோல்.
போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.
இதை எழுதியவருக்கு நன்றி சொல்லவும்."

சட்டப் பிரிவு முதலில் கொடுத்த வரி
"உயிரினங்களை இடுவது தடைசெய்யப்பட்டுள்ளது."
அதை மாற்ற நான் மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன்.
தடை என்றால் யார் கையும் நிற்பதில்லை.
பார் என்றால் தலை தானாகக் குனியும்.
ஐந்து நாவல்களில் எனக்குப் பிடிபடாத ஒன்று
அந்த ஏழாம் பக்கத்தில் பிடிபட்டிருக்கிறது,
பெயர் போடாத இடத்தில்.

கடிதத்தைக் குளிர்பெட்டியில் ஒட்டினேன்.
இரண்டு நாள் கழித்துக் கழற்றினேன்;
பால் எடுக்கப் போகும்போதெல்லாம்
நின்று வாசித்துக்கொண்டிருந்தேன்.

ஆறாவது நாவலை போருட் திருத்துகிறார்.
கறாரானவர், மின்னஞ்சலில் வணக்கம்கூட வைப்பதில்லை.
எங்கள் மொழியில் ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவே
இருமை என்று ஒன்று உண்டு.
சரியாக இரண்டு பேருக்கென்று தனி வினைமுற்று.
கதையில், இரண்டாம் அத்தியாயத்திலேயே
கணவன் ரயிலேறிப் போய்விடுகிறான்.
ஐந்தாம் அத்தியாயத்தில் அவள் தனியாக சூப் குடிக்கிறாள்.
நான் அந்த வினையை இருமையில் முடித்திருக்கிறேன்.
போருட் வட்டமிட்டு ஓரத்தில் கேட்கிறார்:
"இன்னொருவர் யார்?"

பிழைதான். திருத்தக் கை போனது.
போன கை நின்றது.
மேசைக்கு எதிரே காலி நாற்காலி,
என்னுடைய கோட்டு அதன் மேல்.

அப்புறம் முன்னூற்று எண்பது பக்கத்தையும்
தரையில் பரப்பி உட்கார்ந்தேன்.
கணவனின் கடிதங்கள் போயின. ரயில் நிலையம் போயிற்று.
மழை பெய்யும் பதினொரு பக்கமும் போயிற்று;
அதில் ஒரு வரிக்காக மட்டும்
பால்கனிக்குப் போய் ஒரு சிகரெட் பிடித்தேன்.
விடியும்போது மிஞ்சியது நூற்று நாற்பது,
அவள் ஒருத்தி, எல்லா வினையும் இருமையில்.

போருட்டுக்கு அனுப்பினேன்.
வந்த பதில்: "ம்."
அவரிடமிருந்து இது பாராட்டா, ஏப்பமா,
எனக்கு இன்னும் தெரியாது.

வெள்ளிக்கிழமைக்குள் புதிய மாடலுக்குக் கையேடு வேண்டுமாம்.
மேலே ஒன்று, கீழே ஒன்று, இரட்டை டிரம்.
காபி ஆற வைத்துவிட்டு எழுதுகிறேன்:
"இரண்டும் ஒரே நேரத்தில் ஓடலாம்.
ஒன்று நின்றால் பதற வேண்டாம்.
மற்றது தன் சுற்றை முடிக்கும்."