எண்கள் மட்டும் ஏற்கப்படும்

கெலமங்கலத்துத் தோட்டக்கலை ஆபீசில்
டைப் அடிப்பவன் நான். ஒப்பந்த ஆள்.
மானியம் என்ற சொல்லை
ஒரு நாளில் இருநூறு தடவை அடிப்பேன்,
என் சம்பளம் மூன்று மாதமாக வரவில்லை.

சித்தாவில் அவள் பெயரே கிடையாது.
"முனிராஜப்பா மற்றும் எழுவர்."
எழுவரில் ஒருத்தி கெம்பம்மா:
ஒரு ஏக்கர் பத்து சென்ட், தக்காளி,
வரப்போரம் கைப்பிடிக் கொத்தமல்லி.
முனிராஜப்பா செத்துப்போனார்.
மிச்ச ஆறு கையெழுத்துக்காக
ஓசூர், ஆனேக்கல்,
பரப்பன அக்ரஹாரம் ஜெயில் வாசல் வரைக்கும்
பஸ் ஏறிப் போய் வந்தாள்.

சிறு குறு விவசாயி, நூறு சதவீதம்.
ஆடிக் கடைசியில் லாரி வந்தது,
கறுப்புச் சுருள்கள் இறங்கின.
அட்சரேகை தீர்க்கரேகை விழும்படி
போட்டோ எடுத்தார்கள்;
குழாய்களுக்கு நடுவே
ஆதாருக்கு நின்றதுபோலவே நின்றாள்.
போர் எண்ணூறு அடி, மதியத்தோடு நின்றுவிடும்.
அதற்கு வேறு திட்டம், வேறு வரிசை.

மாசியில் பஞ்சாயத்துச் சுவரில்
பயனாளிகள் பட்டியல் ஒட்டினோம்.
வரிசை எண் பதினாலு,
கெம்பம்மா, க/பெ திம்மராயப்பா,
ரூ. 52,318.

அன்று சாயங்காலமே உரக்கடைக்காரர் வந்தார்.
மறுநாள் குழுத் தலைவி, மூன்று தவணை பாக்கிக்கு.
நாத்தனார், மகளுக்குக் காது குத்த.
ராத்திரி திம்மராயப்பா
ராகி டிரம்முக்குள் தோள்வரை கைவிட்டு
எதையோ துழாவிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை என் மேசைமேல்
ஒரு முழம் குழாயை வெட்டிவந்து வைத்தாள்.
"இதுதான் சாமி அம்பத்திரெண்டாயிரம்.
பணம் கம்பெனிக்குப் போச்சு,
பைப்பு எனக்கு வந்துச்சு.
பைப்புன்னு எழுதுறதுக்கென்ன?"

எழுதிப் பார்த்தேன், அவள் கண்ணெதிரே.
கட்டம் சிவந்தது:
எண்கள் மட்டும் ஏற்கப்படும்.
"செவப்பா என்ன சொல்லுது?"
சொன்னேன்.
"அப்ப சைபர் போடுங்க."
சைபர் போட்டால்
குழாயைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்றேன்.
ரொம்ப நேரம் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"ராயக்கோட்டையில இன்னிக்குப் பெட்டி எம்பது ரூபா" என்றாள்,
இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லாமல்,
அல்லது இருந்து.

ஞாயிற்றுக்கிழமை, யாரும் இல்லாத வெயிலில்
பதினாலுக்குப் பக்கத்தில்
பால்பாயிண்ட் பேனாவால் எழுதினேன்: குழாயாக.

வியாழனுக்குள் பட்டியல் நிறைந்துவிட்டது,
ஆளுக்கொரு கையெழுத்தில்.
"நிழல்வலையாக. காத்துல கிழிஞ்சிருச்சு."
"நாத்தாக. பாதி பட்டுப்போச்சு."
பென்சிலில் ஒருவர்: "இதுல நான் குடுத்தது மூவாயிரம்."
தெலுங்கில் ஒரு வரி, எனக்குப் படிக்க வராது.
இருபத்தாறுக்கு நேரே: "செத்து நாலு வருசம்."
முப்பத்தொன்றுக்கு நேரே மட்டும்
யாரும் எதுவும் எழுதவில்லை;
அதே பெயர்
கட்டடத் திறப்புக் கல்வெட்டிலும் உண்டு.

அதிகாரி புது நகல் கேட்கிறார்,
கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைக்க.
எடுத்துக்கொண்டிருக்கிறேன்.
பிரிண்டருக்குப் பக்கத்தில் அந்த ஒரு முழம்.
ஒரு முனையை விரலால் அடைத்து
மறுமுனையில் ஊதினால்
நடுத்துளையில் காற்று வருகிறது,
கொஞ்சம்.