மூன்று செக்கன்

என்னுடைய சாம்பல் தும்பிக்கு நாலு சிறகு.
திலுமின் தும்பிக்கு இரண்டுதான்.
ருஷ்தியின் தும்பி சிறகில்லாமல் பிறந்து
காசு பொறுக்கிப் பொறுக்கி
ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளும்.

இதற்காகத்தான் போன சனிக்கிழமையும்
வெள்ளவத்தையில், திலும் ஃபோன் திருத்தும் மேல்மாடிக் கடையில்,
கொத்து ஆறும்வரை சண்டை.

நான் புத்தகக் கட்சி.
சிவகாசியில் அச்சாகிக் கடல் கடந்து வந்தது.
செட்டியார் தெருவில் நகை அடகு வைத்துவிட்டு
அப்பா பேசாமல் நடந்துவரும் நாட்களில்
வழியில் ஒன்று வாங்கித் தருவார்.
அதில் வில்லன்கள் "அற்பப் பதரே!" என்று
முறையாகத் திட்டிவிட்டுத்தான் சுடுவார்கள்.
சிவப்பு மை விலகிப் பதிந்து
தும்பியின் உதடு எப்போதும் கன்னத்தில் இருக்கும்.

திலும் கண்டது கார்ட்டூன்.
பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து, சப்பாத்துக் கழற்றாமல்.
அங்கே பெயர் அளு பத்கூரா.
தும்பிக்கும் வில்லனுக்கும் குரல் கொடுத்தது ஒரே ஆள்.
அதனால் இன்றுவரை தும்பியை
முழுசாக நம்பமாட்டான் திலும்.

ருஷ்தியுடையது கேம்.
அதில் அவன் பேசுவதே இல்லை, மூச்சு மட்டும்.
"பேசுறது நாமதானே" என்பான், "பட்டனப் புடிச்சிட்டு."

சிறகில் தொடங்கும் வாக்குவாதம்
எப்படிச் சுற்றினாலும் பாலத்தில் வந்து நிற்கும்.
குமிழி விழும் பாலம்.
தலைக்குப் பெரிசான ஹெல்மெட்டோடு
தும்பியின் பின்னாலேயே திரியும் பெடியன்.

புத்தகத்தில் அவன் சாகிறான்.
ஒரு முழுப் பக்கம், ஒரு சொல் இல்லை, கறுப்பு.
அந்த மை என் கட்டைவிரலில் ஒட்டி
கணக்குக் கொப்பிவரை வந்தது.

கார்ட்டூனில் விழுகிற இடத்தை வெட்டிவிட்டார்கள்.
அடுத்த கிழமை யாரோ சொல்கிறார்கள்,
அவன் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டானாம்.
பிறகு வரவே இல்லை.
"எந்தப் பெரியம்மா? எந்த ஊர்?"
இருபது வருடமாகக் கேட்கிறான் திலும்.

கேமில் மூன்று செக்கனுக்குள் முக்கோணத்தை அமத்தினால்
பிடிக்கலாம்.
பதினொரு வருடம் ருஷ்தியால் முடியவில்லை.
ஒரேயொரு தரம் பிடித்தான்,
கரண்ட் மணிக்கணக்கில் போன அந்த வருடம்.
பிடித்த விரலை எடுக்குமுன்
தெமட்டகொடை முழுக்க இருண்டது.
சேவ் ஆகவில்லை.

இன்று அந்தப் பழைய மெஷினைத்
துவாயில் சுற்றி, ஆட்டோவில், மடியில் வைத்துக்
கொண்டுவந்திருக்கிறான்.
திலும் ஷட்டரை இறக்கினான்.
அறுந்த வயருக்கு ஈயம் வைத்தான்.

பாலம்.
மழை.
"பொறு" என்றேன். "விழ முதல் இடப்பக்கம் பார்ப்பான்.
புத்தகத்தில், மூன்றாவது கட்டம்."
"மேளம் நிற்கும்" என்றான் திலும்.
"வெட்டுறதுக்குக் கொஞ்சம் முன்னம்."

குமிழி இடப்பக்கம் பார்த்தான்.
மேளம் நின்றது.
மூன்று பேரும் மூன்று பாஷையில் கத்தினோம்.

கையுறைக்குள் ஒரு சின்னக் கையுறை.

சேவ் பண்ணவா என்று கேட்கிறது திரை.
காப்பாற்றுவதற்கும் பதிந்துவைப்பதற்கும்
இங்கிலீசில் ஒரே சொல் என்பது
இத்தனை வயதில் எனக்கு உறைக்கிறது.
ருஷ்தி அமத்தவில்லை.
திலும் பல்பைப் பார்த்தான்.
நானும் பல்பைத்தான் பார்த்தேன்.
பாணந்துறை ரயில் கடற்கரையால் போக
மேசையில் திறந்து கிடந்த ஃபோன்களின்
சின்ன ஆணிகள் எல்லாம் நடுங்கின.

"அமத்து மச்சான்."

அமத்தினான்.

பாலத்தின்மேல் இரண்டு பேர்,
பேச்சில்லை, இரண்டு மூச்சு.
இதற்குப் பிறகு என்ன என்று
புத்தகத்திலும் இல்லை, கார்ட்டூனிலும் இல்லை,
ருஷ்தியும் இவ்வளவு தூரம் வந்ததில்லை.

திலும்தான் மெதுவாகக் கேட்டான்:
"இப்ப பெரியம்மா வீட்டுக்குப் போவானா?"

"முதல்ல" என்றான் ருஷ்தி,
"ஹெல்மெட்டக் கழட்டட்டும்."