படம் 2 ஆ

கண்களின் மேல் கறுப்புப் பட்டை ஒட்டினால் போதும்
என்றிருந்த காலத்தில்
இந்த வேலை சுலபமாக இருந்திருக்கும்.
பட்டைக்குக் கீழே மூக்கு இருக்கிறது,
அம்மைத் தழும்பு இருக்கிறது,
மேலுதட்டை ஒருபக்கமாக இழுக்கிற வழக்கம் இருக்கிறது.
பெற்றவளுக்கு அது போதும்.
கடன் கொடுத்தவனுக்கும்.

ஆகவே மனாமாவில்,
ஏசித் தண்ணீர் சொட்டும் நான்காம் மாடியில்,
மூன்று வியாழக்கிழமைகளாக விதி எழுதுகிறோம்.
ஒளி எந்தப் பக்கமிருந்து விழ வேண்டும்,
பின்னணித் துணி நீலமா சாம்பலா,
புண்ணுக்கருகே ஓர் அளவுகோல் கிடக்க வேண்டும்,
எக்ஸ்ரே மூலையில் பெயர் ஆகாது,
சிவப்பைக் கூட்டிக் காட்டுவதும் ஆகாது.
டாக்டர் புதைனா ஒரு வரியை
முதலில் அரபியில் சொல்லிப் பார்த்து
பிறகு ஆங்கிலத்தில் தட்டினார்:
மறைக்கலாம். மாற்றக் கூடாது.
முப்பத்துநான்கை நாற்பது என்றால் பொய்.
முப்பதுகளில் என்றால் மறைப்பு.

விதியைச் சோதிக்க வந்த முதல் படம்
ஓர் ஆணின் முன்கை. முப்பதுகளில்.
சாரம் கட்டுகிறவர் என்பதைத்
தொழில் கட்டத்திலிருந்து எடுத்துவிட்டோம்.
பச்சை குத்தியதில் கொடியும் இலையும் சமர்த்தாக இருக்க
சிவப்பு மை மட்டும் தோலுக்கு ஒவ்வாமல்
தடித்து எழும்பியிருந்தது.
பாடப்புத்தகத்தில்கூட இவ்வளவு தெளிவாக வராது.

"ஏதோ சுருள் சுருளான பூவேலை" என்றார் டாக்டர் ஷுக்ரி.
"முகம் இல்லை, அடையாளம் இல்லை. அனுப்பலாம்."

அந்த அறையில்
தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி.

பூவேலை இல்லை டாக்டர். ஐந்து எழுத்து.
முன்னால் தலையெழுத்து, புள்ளி வைத்து.
ஒரு பெண்ணின் பெயர்.

நறுக்கிவிடலாமே என்றார்கள்.
நறுக்கினால் நோயும் போய்விடும்.
வீங்கியிருப்பதே பெயர்தான்.
பெயர் இல்லாத இடமெல்லாம் ஆரோக்கியம்.

சம்மதப் படிவம் இருந்தது.
அரபியில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம்,
அடியில் ஊதா மையில் ஒரு பெருவிரல்.
கைமேல் பெயர் எழுதிக்கொண்டவருக்கு
கையெழுத்து வராதா,
இல்லை யாரும் பேனாவை நீட்டவில்லையா?

வெள்ளிக்கிழமை போன் செய்தேன்.
சல்மாபாத் முகாமில் துணி துவைக்கிற நேரம்.
படிவத்தைத் தமிழில் வரிவரியாகச் சொன்னேன்:
எந்த நாட்டு டாக்டரும் பார்ப்பார்,
இணையத்தில் இருக்கும்,
வந்த பிறகு திரும்ப வாங்க முடியாது,
வேண்டாம் என்றாலும் வைத்தியம் நிற்காது,
பணம் கிடையாது.

"கை என்னுதுங்க. போட்டுக்குங்க."
வாளி நிறைந்து வழியும் சத்தம்.
"பேரு என்னுது இல்லியே.
அதுக்கு நான் எப்படிச் சரி சொல்ல?"

அவங்களைக் கேட்கலாமா என்றேன்.
குழாயை மூடினார்.
"வேணாங்க.
இப்ப அவங்களுக்கு இனிஷியல் வேற."

அடுத்த வியாழன் பன்னிரண்டாம் விதிக்கு ஒரு வால் முளைத்தது:
உடலில் எழுத்துப் போல எது தெரிந்தாலும்
அதைப் படிக்கத் தெரிந்தவர் பார்க்காமல் அச்சேறக் கூடாது.
சம்மதம் நோயாளியின் மொழியில்.
"எழுத்துப் போல என்று யார் முடிவு செய்வது?"
என்று கேட்டார் புதைனா.
அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை.

படத்தில் ஒரே ஓர் எழுத்தை விட்டு
மற்றதை நறுக்கினோம்.
பக்கத்தில் அளவுகோல். பத்து மில்லிமீட்டர் உயரம்.
வளைவில் மினுமினுப்பு, ஓரத்தில் செதில்.
எந்த எழுத்து என்று ஷுக்ரி ஆவலாகக் கேட்டார்.
சொல்லவில்லை.
உங்களுக்கும் சொல்வதாக இல்லை.
உயிரா மெய்யா என்றுகூட.
இங்கே சிலவற்றை மறைத்திருக்கிறேன்,
எதையும் மாற்றவில்லை.

இதழ் வந்த வாரம்
சிகிச்சைக்குப் பிந்தைய படமும் வந்து சேர்ந்தது.
ஊசி போட்டதில் வீக்கம் நன்றாக வற்றியிருந்தது.
பெயர் இப்போது
முன்னைவிடத் தெளிவாகப் படிக்க வந்தது.

அதை வெளியிடவில்லை.