மூன்றாம் நம்பர் மைக்

மூன்றாம் நம்பர் மைக் அவளுடையது.
வேறு எவர் கையிலும் கொடுக்கமாட்டேன்.
சோதித்துப் பார்க்கச் சொன்னால் அலோ அலோ என்னமாட்டாள்,
கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளையின் மூக்குக் குரலில்
"பதினாறு... பதினேழு...
தண்ணிக்கு ரெண்டு கழிச்சு
பதினஞ்சு" என்பாள்.
முன்வரிசை உடனே சிரிக்கும்.
பின்னால் நிற்கும் பெண்கள்
கொஞ்சம் தாமதித்துச் சிரிப்பார்கள்.

ஜெயரூபி.
நோட்டீசில் பெரிய எழுத்து, ரோஸ் கலர்.
நோர்வூட் பக்கம் பொலிஸ் மறித்தால் மட்டும்
அடையாள அட்டைக்குள்ளிருந்து ஓர் ஆள் எழும்பி வருவான்.
டோர்ச் வெளிச்சம் முகத்துக்கும் அட்டைக்குமாக
போய்ப் போய் வரும்.
"பழைய போட்டோ சேர்" என்பாள்.
அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

பதினேழு வயதில்
கீழ் டிவிஷன் காமன் கூத்துக்கு ரதி கட்டினாளாம்.
காமனை எரித்த மறுநாள்
சேலையை மடித்துக் கொடு என்றாராம் தலைவர்.
"சேலையக் குடுத்தேன், வளையலக் குடுத்தேன்.
நடைய யாரும் கேக்கல,
வச்சுக்கிட்டேன்."
இதைச் சொன்னது ராகலைக்குப் போகும் வழியில்,
மழையில் நான் டயர் மாற்றிக்கொண்டிருந்தபோது.
அண்ணன் கவ்வாத்துக் கத்தியோடு
லயத்து வாசலை மறித்து நின்றதை
இன்னொரு நாள் சொன்னாள்,
பவுடர் போட்டபடி,
பக்கத்துத் தோட்டத்துக் கதை போல.

வெலிமடைக் கல்யாண மண்டபத்தில்
ஆண்கள் அறைக்காரர் பெண் என்றார்கள்,
பெண்கள் அறைக்காரர் ஆண் என்றார்கள்.
லொறிக்குள் இரண்டு பேஸ் பெட்டிக்கு நடுவே
பெட்ஷீட் கட்டிக் கொடுத்தேன்.
நானும் யோக்கியன் இல்லை.
மிக்சரில் அவள் அடிக்குரலைக்
கொஞ்சம் வெட்டித்தான் வெளியே விடுவேன்.
அவள் கேட்டதில்லை. நானாகவே.

போன மாதம் பொகவந்தலாவை, அவள் பிறந்த தோட்டம்.
நடுப்பாட்டில் கரண்ட் போனது.
ஜெனரேட்டரில் டீசல் இல்லை, என் பிழை.
அவள் நிறுத்தவில்லை.
நான் இத்தனை வருஷம் வெட்டி வைத்ததெல்லாம்
முழுசாக வெளியே வந்து
பனிக்குள் ஏறி
மேட்டு லயத்துத் தகரம் வரை போனது.
ஓர் ஆள் மேடைக்குக் கீழே வந்து
டோர்ச் அடித்தான்.
முகத்துக்கு அல்ல.
அவள் காலடிக்கு,
பலகை விளிம்பு தெரிகிற மாதிரி.
புறங்கையில் பழைய கத்தி வெட்டு.
கரண்ட் வந்ததும் அணைத்துவிட்டு
கூட்டத்துக்குள் போய்விட்டான்.
அவள் பார்த்தாளா, தெரியாது.
நான் கேட்கவில்லை.

கணக்கு முடிக்கையில் கமிட்டிக்காரர் பேனாவைக் கடித்தார்:
"ஆம்பள டான்சருக்கு ஒரு ரேட்டு,
பொம்பள டான்சருக்கு ஒரு ரேட்டு,
உன்ன எதுல போடுறது?"
"ரெண்டையும் கூட்டிப் போடுங்கண்ணே."
அவரே சிரித்துவிட்டார்,
காசை உறையில் போட்டு ஒட்டித் தந்தார்.

விடியற்காலை ஹட்டன்.
பேக்கரியில் மட்டும் லைட்.
ஒரு கண்ணில் மை கலைந்தும் ஒரு கண்ணில் கலையாமலும்
உறையைக் கிழித்து எண்ணினாள்,
மறுபடி எண்ணினாள்.
"என்ன?" என்றேன்.
"தண்ணிக்கு ரெண்டு
கழிச்சிருக்கானுங்க."