நூறில் எட்டு

பழத்தோட்டத்தில் ஷிஃப்ட் முடிந்து வந்தால்
வேலிக்கு அப்பால் வாஷிங்டன் நிற்பான்.
(சால்தோவில் அந்தப் பெயர் ஆச்சரியமில்லை,
தெருவுக்கு ஒரு வாஷிங்டன், இரண்டு நெல்சன்.)
மாத்தே குடுவை இடக்கையில்.
வலக்கை விரலால் என் பெட்ரோல் டாங்கைத் தட்டிக் காட்டுவான்,
டிக் டிக் டிக்.
உன் வண்டி சத்தம் போடுகிறது, சுல்மா.
உதடுகள் அப்படித்தான் சொல்கின்றன.

எனக்கு ஒரு சத்தமும் இல்லை.
ஏழு வயதில் சீழ் கட்டிய காதுகள்.
அதற்குப் பிறகு உலகம்
பக்கத்து வீட்டில் நடக்கும் விருந்து.

எண்பத்தாறாம் வருஷத்து ஹோண்டா, நூற்றிருபத்தைந்து சிசி.
பிரேசிலில் பிறந்து எல்லை தாண்டி வந்தது.
எனக்கு முன் மூன்று பேரை வேலைக்குச் சுமந்திருக்கிறது.
மெக்கானிக்கிடம் விட்டால் அரை வாரச் சம்பளம்.
புத்தகம் இருந்தது, போர்த்துகீசியத்தில்.
நாற்பத்தோராம் பக்கத்தை எவனோ
எண்ணெய் துடைக்கக் கிழித்திருந்தான்.

ஜூலை, ஞாயிறு காலை.
இஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்றது நாற்பதாம் பக்கம்.
அந்தக் கவலையே வேண்டாம்,
வாளித் தண்ணீரில் பனி ஏடு கட்டியிருந்தது.
டாங்கைக் கழற்றினேன். மேல்மூடி. இடப்பக்க மூடி.
ஸ்பானரால் சுற்றச் சுற்ற
டி எழுத்து கோட்டுக்கு நேராக வந்து நின்றது.
இரண்டு திருகுகள், இரண்டு நட்டுகள்,
நூறில் எட்டு மில்லிமீட்டர்த் தகடு:
ஆரஞ்சின் மேல் நாள் முழுக்க ஒட்டுகிறேனே
அந்த ஸ்டிக்கர் கனம்.

டி எழுத்து இரண்டு சுற்றில் ஒருமுறைதான் உண்மை பேசும்.
கிழிந்த பக்கத்தில் இருந்திருக்கும் அது.
பொய் சொன்ன சுற்றில் நின்று திருகினேன்.
உதைத்தேன். கிளம்பியது.
எதிர் வீட்டு நாய் எழுந்தது.
மாடி ஜன்னல் திறந்தது.
வாஷிங்டன் காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தான்,
மாத்தேயைக் கீழே வைக்க மனமில்லாமல்
ஒரு காதை மட்டும்.

பிறகு பிளக்கைக் கழற்றி
ஓட்டையில் கட்டைவிரலை வைத்துச் சுற்றினேன்.
ஒரு சுற்றில் ஒன்றுமில்லை.
அடுத்த சுற்றில் காற்று விரலைத் தள்ளியது. அதுதான்.
ஆனால் இம்முறை தெருவுக்காகத் திருகினேன்,
இடைவெளியே இல்லாமல், முட்டும் வரை.
பூனை மாதிரி, என்றன வாஷிங்டனின் உதடுகள்.
மூன்று நாள் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

நான்காம் நாள், தோட்டத்துக்கு நாலு கிலோமீட்டர் முன்னால்,
சூடேறிய வண்டி நின்றது.
உதைத்தால் கால் சும்மா இறங்கியது,
படியில்லாத இடத்தில் படியை நம்பி வைத்த கால்.
தள்ளிக்கொண்டே போனேன். அரை நாள் கூலி போச்சு.
சூட்டில் வால்வு நீளுமாம்.
நீள இடமில்லாமல்
நெருப்புக்கு நடுவே வாய் மூட முடியாமல் நின்றிருக்கிறது.

ஆறவிட்டு, மறுநாள் சாயங்காலம், மூன்றாம் தடவை.
நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே நகர்கிறது, கள்ளத்தனமாக.
அதற்கும் சேர்த்துக் கொஞ்சம் விட்டு இறுக்கினேன்.
தகடு வெளியே வர வேண்டும்,
ஆனால் மனசில்லாமல் வர வேண்டும்.
விரலுக்கு அது தெரிகிறது.
எந்தப் பக்கத்திலும் அது இருந்திருக்காது.

வண்டி ஓடிக்கொண்டிருக்க,
வாஷிங்டன் ஸ்குரூடிரைவர் நுனியை மேல்மூடியில் ஊன்றி
பிடியைக் காதில் வைத்துக் கேட்டான்.
சரி என்று தலையாட்டி என்னிடம் நீட்டினான்.
நீட்டிய பிறகுதான் ஞாபகம் வந்து
கையை இழுத்துக்கொண்டான்.
நான் பிடுங்கினேன்.

காதில் ஒன்றுமில்லை.
கை நடுங்கிப் பிடி நழுவி
காதுக்குப் பின்னால், எலும்பில் முட்டியது.

டிக்.
டிக் டிக் டிக் டிக்.

மண்டைக்குள் ஒரு தையல் மெஷின்,
இரண்டு ஊசி,
ஒன்று சற்றே பிந்தி.
முப்பத்துநாலு வருஷம் கழித்து.

கொஞ்சம் சத்தம் இருக்கிறது, என்றான் வாஷிங்டன்,
குறைக்கலாமா?

இருக்கட்டும் என்றேன்.
எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ தெரியவில்லை.
எதிர் வீட்டு நாய் எழுந்தது.