நீலப் பொட்டு

இரண்டு நாளாக ஆற்றைக் காணவில்லை.
சத்தம் மட்டும் கேட்கிறது
வாட்டில் மரங்களுக்குள் எங்கோ.

ஸோலேகா அரம் போட்ட சங்கிலியை
இழுத்துப் பார்த்துப் பூட்டுகிறாள்.
பத்துப் பேர் குழு.
எக்டருக்கு இவ்வளவு என்று கூலி.
மழை நாளுக்கு ஒன்றுமில்லை.

மரம் சாய்ந்ததும் டென்வில் ஓடிவந்து
அடிக்கட்டையில் மருந்து பூசுகிறான்.
பூசாமல் விட்டால் ஒன்று போன இடத்தில்
ஒன்பது கிளம்பும்.
மதியத்துக்குள் சரிவெங்கும் நீலப் பொட்டு,
ஓட்டுப் போட்டுவிட்டு வந்த விரல்கள்போல.

கேப்டவுனிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள்,
ஒலிவாங்கியோடு, சேறு படாத காலணியோடு.
"நீங்களும் கிழக்கிலிருந்து வந்தவர்தானே,
வந்தேறியை வெட்டும்போது
மனசுக்குள் என்ன ஓடும்?"

ஸோலேகா கையுறையைக் கழற்றினாள்.
"நான் ஒரு வாளித் தண்ணீருக்கு
வரிசையில் நிற்கிறவள்.
இது
வரிசையில் நிற்பதில்லை."

ரம்பம் மறுபடி உறுமியது.
மிச்சக் கேள்விகள் ஒலிவாங்கியில் பதியவில்லை.

சாயங்காலம் தலையில் ஒரு கட்டு விறகு.
தகரக் கூரைக்குக் கீழே
வாட்டில் நின்று எரியும், புகை கம்மி.
எதிரியில் வெந்த சோளக்கூழ்
ருசியாகத்தான் இருக்கிறது.
இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் ஆறு தெரிந்தது.
நினைத்ததைவிடச் சிறியது.

பிப்ரவரியில் மலை எரிந்தது.
பண்ணைக்காரர்கள் அழுதார்கள்.
மண்ணுக்கடியில் அழவில்லை யாரும்:
எறும்பு இழுத்துவந்து புதைத்த
குண்டூசிப்பூ விதை
இந்தத் தீக்காகத்தான் காத்திருந்தது.
ஐம்பது வருஷம் தூங்கத் தெரிந்த
வாட்டில் விதையும்தான்.
தீ யாரிடமும்
பூர்வீகம் கேட்கவில்லை.

முதல் மழைக்குப் பிறகு
ரம்பத்துக்கு வேலையில்லை.
சாம்பலில் முட்டி போட்டு
விரலால் களையெடுக்கிறார்கள்.
இறகுபோல் இலை விட்டால் வாட்டில்,
தடித்த இரண்டு இலை என்றால் நம்முடையது.
ஆனால் மூன்று நாள் பிஞ்சில்
எல்லாமே தடித்த இரண்டு இலை.

ஒன்றை இழுத்துவிட்டாள்.
வேர் நூலாகத் தொங்கியது,
நுனியில் துளி மண்.
உள்ளங்கையில் வைத்துப் பார்த்தவள்
பக்கத்தில் பார்த்தாள். டென்வில் குனிந்திருந்தான்.
குழி தோண்டித் திரும்ப ஊன்றினாள்,
கட்டைவிரலால் அழுத்தினாள்.
அந்தச் சாதி
வேர் அசைந்தால் பிழைக்காது,
அவளுக்குத் தெரியும்.

அடுத்ததற்குக் கை நீண்டது.
நின்றது.
மூக்கு தரையில் படுகிற மட்டும் குனிந்து
இன்னொருமுறை பார்க்கிறாள்.